சொப்பன ஸ்கலிதமும் நாற்பது துளிகளின் அச்சமும்

புதுச்சேரி நகரத்தை இரண்டாக வகுத்து ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்களும் மேற்கே தமிழர்களுமாக வாழ்ந்திருந்த நாள்களில், உணவிலும் உடையிலும் வழிபாட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டாத அவ்விரு சமூகங்களின் வைத்திய மரபுகளும், ஒன்றையொன்று கலந்து ஆலோசியாமலே, ஒரு விஷயத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரே வார்த்தையைச் சொல்லி வந்தன. ஆண்மகனின் சுக்கிலம் அவன் சரீரத்தின் சாரம். அது நித்திரையில் அவன் அறியாமலே நழுவுமாயின் பலமும் ஞாபகசக்தியும் ஆயுளும் அதனோடு சேர்ந்தே நழுவும் என்பது அவ்வார்த்தை. இன்றைக்கும் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் புறநோயாளர் பகுதி போன்ற இடங்களுக்கு, வேறு எந்த நோயும் இல்லாத வாலிபர்கள் இந்த ஒரு வார்த்தையின் பாரத்தைச் சுமந்துகொண்டு வருவதை மருத்துவர்கள் அறிவார்கள். ஆகையால், சங்கோசத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உறக்கத்தில் விந்து வெளியேறுவதற்கு உண்மையான காரணங்கள் யாவை என்பதையும், அவற்றின்மேல் படிந்துள்ள அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்குவது அவசியமாகிறது.

முதலில் அச்சத்தின் வரலாற்றைப் பார்ப்போம். நம் நாட்டு வைத்திய சாஸ்திரம் உடலைத் தாங்குபவை ஏழு தாதுக்கள் என்று வகுத்து, உண்ட அன்னத்தின் சாரம் இரத்தமாகி, இரத்தம் மாமிசமாகி, அவ்வாறே கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று படிப்படியாகப் பக்குவப்பட்டுக் கடைசியாகச் சுக்கிலமாகத் திரள்கிறது என்று கூறிற்று. சரீரத்தைக் கண்ணால் மட்டுமே நோக்க முடிந்த காலத்தில் எழுந்த அந்தக் கோட்பாட்டை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் சாஸ்திரத்தின் வாயிலிருந்து ஜனங்களின் வாய்க்கு இறங்கும்போது அது ஒரு கணக்காக மாறிற்று: நாற்பது துளி இரத்தம் சேர்ந்தாலன்றி ஒரு துளி சுக்கிலம் உண்டாகாது என்று பாட்டன் பேரனுக்கும், மூத்த மாணவன் இளைய மாணவனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

வியப்பு என்னவென்றால், இதே நாற்பது ஐரோப்பாவிலும் இருந்தது. லோசான் நகரத்து மருத்துவராகிய சாமுவேல் ஒகுஸ்த் திசோ 1760ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளியிட்டு, ஐரோப்பா முழுவதும் பல்லாண்டு வாசிக்கப்பட்ட தமது நூலில், ஓர் அவுன்சு சுக்கிலத்தை இழப்பது நாற்பது அவுன்சு இரத்தத்தை இழப்பதைக் காட்டிலும் அதிகமாக ஒருவனைத் தளர்த்தும் என்று எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்கம் 1823இல் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவிற்று. பிற்காலத்து ஜிப்மர் தன் வம்சாவளியை அதிலிருந்தே கணக்கிடுகிறது. அப்பள்ளி தோன்றிய பதின்மூன்றாம் ஆண்டில், பிரான்சின் மோன்ப்பெலியே நகரத்துப் பேராசிரியர் கிளோது பிரான்சுவா லால்மான் என்பவர், தன்வசமின்றி விந்து வெளியேறுவதைப் பற்றி மட்டுமே மூன்று பாகங்களாக ஒரு பெருநூலை வெளியிடத் தொடங்கி 1842இல் முடித்தார். அதை ஒரு பயங்கர வியாதியாகக் கருதிய அவர், சிறுநீர்த் தாரையினுள்ளே கருவியைச் செலுத்தி வெள்ளி நைட்ரேட்டினால் சுடுவதை அதற்குச் சிகிச்சையாக விதித்தார். இயல்பாக உறங்கி எழுந்ததைத் தவிர வேறொரு குற்றமும் செய்யாத எத்தனையோ இளைஞர்கள் இந்தச் சிகிச்சையின் வேதனையை அனுபவித்தார்கள் என்பதை நினைக்கும்போது, தவறான ஒரு கருத்து மருத்துவரின் கையில் ஆயுதமாக மாறுவது எவ்வளவு சுலபம் என்பது மனத்தை வருத்துகிறது.

இனி சரீரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். பிள்ளைப் பருவம் முடியும் தறுவாயில், மூளையின் அடித்தளத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, அதுவரை உறங்கிக் கிடந்த ஒரு சமிக்ஞையை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பத் தொடங்குகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு சுரப்புநீர்களை இரத்தத்தில் கலக்க, அவற்றின் ஏவலால் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவும் விந்தணுக்களை ஆக்கவும் முற்படுகின்றன. குரல் உடைவது, மீசை அரும்புவது, தோள் அகல்வது ஆகியவற்றுக்கு எது காரணமோ, அதுவே சொப்பன ஸ்கலிதத்துக்கும் முதற்காரணம். பெரும்பாலான சிறுவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதை ஒட்டி விந்து உண்டாகத் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு அதனை மருந்தாகக் கொடுத்தால் உறக்கத்தில் நிகழும் ஆண்குறி எழுச்சிகள் அதிகப்படுகின்றன. கொடுப்பதை நிறுத்தினால் குறைகின்றன. மீசை அரும்பியதற்காக எந்தத் தகப்பனும் மகனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில்லை. அதே சுரப்பின் மற்றொரு விளைவுக்கு மட்டும் ஏன் அழைத்துச் செல்ல வேண்டும்?

விந்தணு ஒன்று முழுமையாக உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. ஆனால் அந்த வேலை ஒவ்வொரு கணமும் பல்லாயிரம் இடங்களில் ஒருசேர நடப்பதால், ஆரோக்கியமான ஓர் ஆணின் விரைகள் நாளொன்றுக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட அணுக்களை ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. அப்படியிருந்தும் வெளிப்படும் திரவத்தில் இவ்வணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்குமேல் இல்லை. அதன் பெரும்பகுதி விந்துப் பைகளிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பங்கு பிராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவது. பிரக்டோஸ் என்ற சர்க்கரையும், சிறிது புரதமும், துத்தநாகம் முதலிய உப்புகளும் கலந்த நீரே அது. இரத்தம் சுண்டி அது உண்டாவதில்லை. எலும்பு மஜ்ஜைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை வெளியேறும் அளவு பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து மில்லிலிட்டர். அதில் உள்ள புரதம் கால் கிராமை எட்டினாலே அதிகம். காலையில் உண்ணும் ஒரு கோழிமுட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. நாற்பது துளிக் கணக்கு எவ்வளவு தூரம் உண்மையிலிருந்து விலகியது என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடே போதும்.

ஆனால் சுரப்பு உண்டாவதும் அது நித்திரையில் வெளிப்படுவதும் ஒன்றல்ல. இரண்டையும் இணைக்கும் கண்ணி உறக்கத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணி கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரஸ்யமானது. 1944இல், யுத்தத்தின் நடுவே, ஜெர்மனியில் ஓல்மையர் என்பவரும் அவருடைய சகாக்களும் உறங்கும் ஆண்களை இரவு முழுவதும் அளவிட்டுப் பார்த்தபோது, ஆண்குறியின் எழுச்சி தாறுமாறாக நிகழாமல் சுமார் 85 நிமிடங்களுக்கு ஒருமுறை தோன்றி, 25 நிமிடங்கள் அளவில் நிலைத்து, பின் அடங்குவதைக் கண்டார்கள். இந்தத் தாளம் எதைச் சார்ந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1953இல், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள்ளே விழிகள் வேகமாக உருளும் ஒரு நிலை இரவில் மீண்டும் மீண்டும் வருவதையும், அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் கனவு கண்டதாகக் கூறுவதையும் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, ஓர் இரவில் நான்கைந்து தடவை வருகின்ற அந்தக் கனவுறக்கமும் ஜெர்மானியர் அளந்த எழுச்சியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை, 1965இல் நியூயார்க்கில் சார்லஸ் பிஷரும் அவருடன் உழைத்தவர்களும் நிரூபித்தார்கள்.

இக்கண்டுபிடிப்பின் முழு அர்த்தத்தையும் நாம் உணர வேண்டும். விழித்திருக்கும்போது மூளைத் தண்டிலிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் ஓர் அடக்குமுறை, கனவுறக்கத்தின்போது தளர்கிறது. அதனால் இரத்தக் குழாய்கள் விரிந்து எழுச்சி உண்டாகிறது. கனவின் பொருள் காமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பரீட்சை எழுதுவதாகவும் பேருந்தைத் தவறவிட்டதாகவும் கனவு காண்பவனுக்கும் அது நிகழ்கிறது. பிறந்த குழந்தைக்கும் நிகழ்கிறது, முதியவர்களுக்கும் நிகழ்கிறது. ஆகவே எழுச்சிக்குக் காரணம் மனத்தின் மாசு அன்று, உறக்கத்தின் அமைப்பே. இந்த அடித்தளத்தின்மேல், டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும் வயதில், இச்சை கலந்த ஒரு கனவோ, போர்வையின் உராய்வோ, வேறு சிறு தூண்டுதலோ சேருமானால், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நரம்பு மையம் தன் அனிச்சைச் செயலைத் தொடங்கிவிடுகிறது. மார்பு முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வரும் பரிவு நரம்புகள் திரவத்தைத் தாரைக்குள் சேர்க்கின்றன. இடுப்படி நரம்புகள் தசைகளைச் சுருக்கி அதை வெளியேற்றுகின்றன. அனிச்சைச் செயல் என்பதனாலேயே, உறங்குகிறவன் தன் விருப்பத்தால் அதைத் தடுத்துவிட முடிவதில்லை.

கனவும் ஸ்கலிதமும் எப்பொழுதும் கைகோத்தே வருவன என்றும் எண்ண வேண்டாம். கனவே நினைவில் இல்லாமல் ஈரத்தை மட்டும் கண்டு விழிப்பவர்கள் அநேகர். இதற்கு மறுபுறமும் உண்டு: முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள், உடலில் யாதொன்றும் நிகழாதபோதும், கனவில் மட்டும் முழு அனுபவத்தைப் பெறுவதை 1960இல் ஜான் மணி என்ற அமெரிக்க உளவியலாளர் பதிவு செய்திருக்கிறார். மூளை தன் கனவைத் தான் காண்கிறது. முதுகுத்தண்டு தன் வேலையைத் தான் செய்கிறது. பல இரவுகளில் இரண்டும் சந்திக்கின்றன, சில இரவுகளில் சந்திப்பதில்லை. விடியற்காலையை நெருங்க நெருங்கக் கனவுறக்கத்தின் நேரம் நீளுகிறது. அதே நேரத்தில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் அளவும் உயர்கிறது. வைகறையில் எழும்போது குறி விறைத்திருப்பது இதனால்தான். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதே அதற்குக் காரணம் என்று பலர் கருதினாலும், அது அதிகம்போனால் ஒரு துணைக்காரணமே. குப்புறப் படுத்து உறங்குபவர்களுக்கு இச்சைக் கனவுகள் கூடுதலாக வருவதாகவும் ஓர் ஆய்வு சொல்கிறது. இதுவும் சிறு விஷயமே.

பாத்திரம் நிரம்பினால் வழியும் என்று கூறுவோரும் உண்டு. நெடுநாள் சேர்க்கையோ கைப்பழக்கமோ இல்லாதிருப்பவர்களுக்கு ஸ்கலிதம் சற்று அதிகமாகக் காணப்படலாம் என்பது மெய்யே. ஆயினும் அதைக் கணக்கான ஒரு வழிந்தோடலாகக் கொள்ள முடியாது. வெளியேறாத விந்தணுக்கள் நாளடைவில் சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன. ஆகவே ஸ்கலிதமே வராதவர்களுக்கும் எதுவும் தேங்கிக் கெட்டுவிடுவதில்லை. 1948இல் அமெரிக்காவில் ஆல்பிரட் கின்சி வெளியிட்ட பெரிய ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 83 ஆண்கள் வாழ்வில் ஒருமுறையாவது இதை அனுபவித்ததாகக் கூறினார்கள். பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலுமே அது மிகுதி. வாரத்துக்கு இரண்டு முறை அது வரப்பெறுபவனும், வருஷத்துக்கு ஒருமுறை வரப்பெறுபவனும், ஒருபோதும் வரப்பெறாதவனும் சமமாகவே ஆரோக்கியவான்கள்.

நம் ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது உடம்புச் சூடு. வெயில் கொளுத்தும் இந்தக் கடற்கரைப் பிரதேசத்தில், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், இரவில் ஊறிய வெந்தயத்தை விழுங்குவதும், இளநீர் அருந்துவதும் சுகம் தருவன. அவற்றை நான் விலக்கச் சொல்லவில்லை. ஆனால் சூட்டினால் சுக்கிலம் இளகி வடிகிறது என்பது மட்டும் சரீர சாஸ்திரத்துக்கு முற்றிலும் முரண். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்கே காரணம், உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான இடத்தில்தான் விந்தணுக்கள் செவ்வனே உண்டாகும் என்பதாகும். சூடு மிகுந்தால் அவற்றின் உற்பத்தி குறையுமேயன்றிக் கூடாது.

அச்சத்தின் அடுத்த கிளை சமயப் பற்றுள்ள இளைஞர்களைப் பற்றுகிறது. பிரமசரியத்தைக் காக்க விரும்பும் ஒருவன், தன் விரதம் உறக்கத்திலேயே முறிந்துவிட்டதாக எண்ணித் தன்னைத்தானே வெறுக்கத் தொடங்குகிறான். 1910ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்து இங்கேயே வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரிடம், ஆசிரமத்துச் சாதகர்கள் இந்த விஷயத்தையும் மறைக்காமல் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர் எழுதிய விடைகள் அவருடைய யோகக் கடிதங்களின் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அவ்வளவு கடுமையான புலனடக்கத்தைக் கேட்ட ஒரு யோகியின் முன்னிலையிலும் இக்கேள்வி எழுந்தது, அதற்கு எழுத்தில் விடை கிடைத்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். சங்கற்பம் விழிப்புக்கு உரியது. நித்திரையில் சங்கற்பமும் இல்லை. ஆதலால் குற்றமும் இல்லை.

இனி, நோய் அல்லாத இதை நோயாக எண்ணுவதனால் உண்டாகும் மெய்யான நோயைச் சொல்ல வேண்டும். சோர்வு, பசியின்மை, படபடப்பு, படிப்பில் மனம் ஒன்றாமை, தாம்பத்தியத்துக்குத் தகுதியற்றவன் ஆகிவிட்டோம் என்ற திகில் ஆகியவற்றோடு வந்து, எல்லாவற்றுக்கும் விந்து நஷ்டமே காரணம் என்று உறுதியாகக் கூறும் இளைஞர்களின் நிலைக்கு, 1960இல் இந்திய மனநல மருத்துவர் என். என். விக் தாது என்ற சொல்லைக்கொண்டே ஒரு பெயர் சூட்டினார். மேலை நாட்டு நூல்கள் சில காலம் இதைக் கீழ்த்திசைக்கே உரிய விசித்திரமாகக் குறித்தன. திசோவையும் லால்மானையும் நாம் அறிந்திருப்பதால் இந்த அபிப்பிராயத்தை ஒப்புக்கொள்ள முடியாது. 2004இல் இலங்கை மருத்துவர் அதுல சுமதிபாலவும் அவருடன் சேர்ந்தோரும் இதையே வாதிட்டு, ஐரோப்பாவும் அமெரிக்காவும் முந்நூறு ஆண்டுகளுக்குள் இதே அச்சத்தில் கிடந்து எழுந்தவையே என்று காட்டினார்கள். சோர்வு பொய்யன்று. ஆனால் அந்தச் சோர்வைத் தருவது இழந்த சில மில்லிலிட்டர் நீர் அன்று. இடைவிடாத கவலையும், பல சமயங்களில் அதன் அடியில் மறைந்திருக்கும் மனச்சோர்வு நோயுமே. இவற்றுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. அவை பலன் தருகின்றன.

ஆனால் அந்த இளைஞன் முதலில் போய்ச் சேரும் இடம் மருத்துவமனை அன்று. வாலிப வயோதிக அன்பர்களே என்று விளிக்கும் விளம்பரத்தைப் பார்த்து, பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதி அறையொன்றில் மாதத்துக்கு ஒருநாள் வந்து அமரும் வைத்தியரிடம் அவன் போகிறான். நரம்புத் தளர்ச்சி என்ற, எந்த நரம்பையும் குறிக்காத ஒரு சொல்லை அங்கே கேட்கிறான். லேகியமும் பஸ்பமும் வாங்குகிறான். வீட்டில் பொய் சொல்லிப் பணம் பெறுகிறான். இத்தகைய விளம்பரங்களைத் தடுப்பதற்காக 1954ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. புதுச்சேரியின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். கொடி மாறிற்று, சட்டமும் வந்தது, சுவரொட்டிகள் மாத்திரம் போகவில்லை. பயந்துபோன பதினேழு வயதுப் பிள்ளையிடம் அவன் பயத்தையே விலைக்கு விற்பதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

மெய்யாகவே மருத்துவரைக் காண வேண்டிய சில அடையாளங்கள் உண்டு: சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விந்தில் இரத்தம், விரையில் வலி அல்லது வீக்கம், விழித்திருக்கையில் இச்சையேதுமின்றி வடிதல், குறியின் நுனியில் சீழ். ஆனால் சிறுநீரோடு வெள்ளை போகிறது என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது இவை எதுவுமன்று. சில வேளைகளில், முக்கியமாக உணவுக்குப் பிறகு, சிறுநீர் காரத்தன்மை அடையும்போது அதிலுள்ள பாஸ்பேட் உப்பு பிரிந்து பால்போல் கலங்குகிறது. அதில் சில துளி வினிகரை விட்டால் கலங்கல் உடனே தெளிந்துவிடும். மலச்சிக்கலால் முக்கும்போது பிராஸ்டேட் சுரப்பி அழுந்திச் சிறிது வழவழப்பான நீர் கசிவதும் இயற்கையே. ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், பத்து நிமிஷம் நிதானமாகப் பேசும் ஒரு மருத்துவரும் பல வருஷத்துக் கலக்கத்தைப் போக்கிவிட முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளை பூப்படைந்தால் நம் வீடுகளில் பந்தல் போட்டு, மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தெரு முழுவதும் அறியச் சடங்கு செய்கிறார்கள். அவளுக்கு நேர்ந்தது இன்னதென்று பாட்டியோ அத்தையோ எடுத்துச் சொல்கிறார்கள். ஆண் பிள்ளை பருவமடைந்ததற்கு அடையாளமாகிய ஸ்கலிதத்தை மட்டும் அவன் தனியே, இருட்டில், தலையணையின் அடியில் ஒளித்து வைக்கிறான். சடங்கு வேண்டியதில்லை, பேச்சு வேண்டும். பன்னிரண்டு வயது ஆகும்போதே, தகப்பனாரோ, அவருக்குக் கூச்சமானால் தாய்மாமனோ சித்தப்பாவோ, சில வாக்கியங்களில் இதைச் சொல்லிவிடலாம்: தூக்கத்தில் ஒருநாள் உனக்கு இப்படி வரும், எனக்கும் உன் வயதில் வந்தது, அது நோயுமில்லை, பாவமுமில்லை, நாலு பேர் வந்து பலம் போய்விடும் என்று சொன்னால் நம்பாதே, வலி இருந்தால் மட்டும் என்னிடம் சொல். கூடவே, படிந்த துணியை வெந்நீரில் போட்டால் புரதம் உறைந்து கறை தங்கிவிடும், குளிர்ந்த தண்ணீரில் அலசி அதன்பிறகு சோப்புப் போட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தால், மறுநாள் காலையில் அவன் அதை ஒளித்து வைக்காமல் தானே கொண்டுபோய்த் துவைத்து உலர்த்திவிடுவான்.